பாக்டீரியாவின் ஆயுதமும் நம் மக்களின் வாய்ப்புற்றும்

அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம். கிளேபாங், மலாக்கா

1977ஆம் ஆண்டு பிரிட்டனின் ‘கிளினிக்கல் ரேடியாலஜி’ என்ற மருத்துவ இதழில் சென்னையிலிருந்து ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர்கள் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் டாக்டர் வி. சாந்தாவும் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும். வாய்ப்புற்று நோயாளிகளுக்குக் கதிர்வீச்சோடு பிளியோமைசின் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த சோதனையின் விவரம் அதில் இருந்தது. 1980இல் அதே இதழில் அதன் தொடர்ச்சியையும் இருவரும் எழுதினார்கள். பிளியோமைசின் பிறந்த இடம் மண். ஜப்பானில் மண்ணுக்குள் வாழும் ஒரு பாக்டீரியா தானே செய்துகொள்ளும் பெப்டைடு, அதாவது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி, அது. மற்ற நுண்ணுயிரிகளைக் கொல்லும் ஆற்றல் அதற்கு உண்டு.

மண்ணில் கிடந்த அந்த ஆயுதம் வெற்றிலை பாக்குப் போட்ட தமிழர்களின் கன்னத்துப் புண்ணுக்கு மருந்தாக வந்த வழிதான் இன்றைய பேச்சின் பொருள். அதற்குப் பின்னால் இன்னும் பல பெப்டைடுகள் ஆய்வுக்கூடங்களில் வரிசையில் நிற்கின்றன. சில நம் மலேசியாவிலேயே, நாம் தினமும் பார்க்கும் உணவுப் பண்டங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. அவற்றுள் எது மருந்து, எது இன்னும் நம்பிக்கை மட்டும் என்று பிரித்தறியத் தெரிவது மலாக்கா மாநிலத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு மற்றவர்களைவிட அதிகத் தேவை. காரணம், இந்த நோய் நம் வீடுகளைத் தேடித்தான் அதிகம் வருகிறது.

மலேசியாவின் புற்றுநோய்ப் பதிவேட்டு அறிக்கைகள் திரும்பத் திரும்ப ஒன்றைக் காட்டுகின்றன. மூன்று பெரிய இனங்களையும் ஒப்பிட்டால், வாய்ப்புற்று விகிதம் இந்தியரிடம் மிகுதி. அதிலும் இந்தியப் பெண்களிடம் மிகமிக மிகுதி. அலோர் காஜா, ஜாசின் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இதன் காரணத்தை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, பால்மரம் சீவி, வெயில் ஏறியபின் லயத்துக்குத் திரும்பும்வரை பசியைத் தாங்க வாயில் ஒதுக்கிய வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் ஒரு தலைமுறைப் பெண்களின் நாள் முழுக்க உடன் இருந்தன. உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்த்த வெற்றிலைச் சுருளைப் புற்றுநோய்க் காரணி என்று 1985இலேயே அறிவித்தது. 2004இல் வெளியிட்ட தொகுதியில், புகையிலையே சேர்க்காவிட்டாலும் பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதிசெய்தது. மங்கலத் தட்டில் இருக்கும் வெற்றிலைக்கு நாம் தரும் மரியாதை அப்படியே இருக்கட்டும். கன்னத்தில் மணிக்கணக்காக ஒதுக்கி வைக்கும் பழக்கம்தான் ஆளைக் கொல்கிறது.

அடையாறு மருத்துவமனைக்கு இந்த நோய் புதிதாக இருக்கவில்லை. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். கிருஷ்ணமூர்த்தி அவருடைய மகன். சாந்தா தொடக்க காலத்திலேயே வந்து சேர்ந்து, 2021 சனவரியில் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தவர். அவர்களிடம் வந்த வாய்ப்புற்று நோயாளிகளில் பெரும்பாலோர் ஏழைகள். கட்டி முற்றிய பிறகு வந்தவர்கள். அறுவைக்கு இடமில்லாத நிலையில் கதிர்வீச்சு மட்டுமே மிஞ்சும், அதுவும் பலருக்குப் பலன் தராது. கதிர்வீச்சின் வேலையைக் கூட்டித் தரக்கூடிய துணை மருந்து ஒன்றை இருவரும் தேடியதற்கு இதுவே காரணம். அந்தத் தேடலில்தான் ஜப்பானின் பிளியோமைசின் அவர்கள் கைக்கு வந்தது.

அதைக் கண்டுபிடித்தவர் ஹமாவோ உமேசாவா. காசநோய்க்குப் பயன்பட்ட கானமைசினைத் தந்தவரும் அவரே. மண் மாதிரிகளைச் சேகரித்து அவற்றில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை பாக்டீரியாக்களை வளர்த்து, அவை வெளிவிடும் பொருள்களைச் சோதிப்பது அவருடைய ஆய்வுக்கூடத்தின் அன்றாட வேலை. முதலில் கிடைத்த ஃபிளியோமைசின் என்ற பொருள் கட்டியை அழித்தாலும் நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுத்ததால் கைவிடப்பட்டது. உமேசாவா அதோடு நிறுத்தவில்லை. அதே குடும்பத்தில் சிறுநீரகத்தை விட்டுவைக்கும் ஓர் உறுப்பினரைத் தேடினார். 1962இல் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வெர்ட்டிசில்லஸ் என்ற பாக்டீரியாவிடம் பிளியோமைசின் கிடைத்தது. அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியோடு சர்க்கரை மூலக்கூறும் ஒட்டியிருக்கும் பெப்டைடு அது.

இது வேலை செய்யும் விதம் வியப்பானது. பிளியோமைசின் முதலில் இரும்பு அணு ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது. இரும்போடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து டி.என்.ஏ. இழையை வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட உயிரணு பெருகுவதை நிறுத்தி மடிகிறது. நம் உடலின் பெரும்பாலான திசுக்களில் இந்த மருந்தைச் சிதைக்கும் நொதி ஒன்று இருப்பதால் அவை தப்பிக்கின்றன. தோலிலும் நுரையீரலிலும் அந்த நொதி குறைவு. தோலிலும் வாயின் உட்பரப்பிலும் தோன்றும் செதிள் உயிரணுப் புற்றில் மருந்து நன்றாக வேலை செய்ததற்கும், நுரையீரலை இறுகச் செய்யும் பக்கவிளைவுக்கும் இதையே காரணமாகச் சொல்வார்கள். ஒரு நோயாளிக்கு வாழ்நாளில் மொத்தம் 400 அலகுக்கு மேல் போகும்போது நுரையீரல் ஆபத்து வேகமாக ஏறும் என்பதை மருத்துவர்கள் மனத்தில் வைத்தே ஊசி போடுகிறார்கள்.

அடையாற்றில் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களையும், கதிர்வீச்சோடு பிளியோமைசினும் பெற்றவர்களையும் ஒப்பிட்டபோது, இரண்டும் பெற்றவர்களிடம் கட்டி கரைந்தது தெளிவாகக் கூடுதலாக இருந்தது. ஆனால் ஐரோப்பாவில் தொண்டைப் பகுதிப் புற்றுக்கு நடந்த சோதனையில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. வாய்ப்புண்ணின் கடுமைதான் கூடியது. பின்னால் கதிர்வீச்சின் துணை என்ற இடத்தை சிஸ்பிளாட்டின் பிடித்துக்கொண்டது. அந்த சிஸ்பிளாட்டின்கூட, 1965இல் பார்னெட் ரோசன்பர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஈ. கோலை பாக்டீரியா மீது மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தபோது தற்செயலாகத் தென்பட்டதுதான்! பிளியோமைசின் வாய்ப்புற்றில் பின்வாங்கினாலும் மறைந்துவிடவில்லை. ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுக்கும் விதைப்பைப் புற்றுக்கும் இன்றும் கொடுக்கப்படும் கூட்டு மருந்துகளில் அது இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையாத மருந்துகள் பட்டியலிலும் இருக்கிறது.

அதற்கும் மூத்தது ஒன்று உண்டு. 1940இல் அமெரிக்காவில் செல்மன் வாக்ஸ்மன், பாய்ட் வுட்ரஃப் இருவரும் மண் பாக்டீரியாவிலிருந்து ஆக்டினோமைசினைப் பிரித்தெடுத்தார்கள். கிருமிகளைக் கொன்றது, ஆனால் எலிகளையும் கொன்றது. தொற்றுநோய்க்கு உதவாது என்று ஒதுக்கப்பட்ட அதை 1950களில் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் சிறுநீரகக் கட்டிக்குக் கொடுத்துப் பார்த்தார். வில்ம்ஸ் கட்டி எனப்படும் அந்த நோயில் அறுவையும் கதிர்வீச்சும் இந்த மருந்தும் சேர்ந்தபோது, முன்பு இறந்துபோயிருக்கக்கூடிய பிள்ளைகள் பிழைத்தார்கள். 1964இல் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் தந்தது. ஆகவே, பாக்டீரியாவின் கிருமிக்கொல்லிப் பெப்டைடு புற்றுநோய்க்கு மருந்தாகுமா என்று இன்று யாராவது கேட்டால், ஆகி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது என்பதே விடை.

இன்றைய ஆய்வாளர்களின் கவனம் வேறொரு கூட்டத்தின் மேல் திரும்பியிருக்கிறது. பிளியோமைசினும் ஆக்டினோமைசினும் பாக்டீரியாவுக்குள் பெரிய நொதிகள் படிப்படியாகக் கோத்துச் செய்பவை. இன்னொரு வகைப் பெப்டைடுகளை பாக்டீரியா தன் மரபணுவிலிருந்து, மற்றப் புரதங்களைச் செய்வது போலவே, நேரடியாகச் செய்கிறது. இவற்றுக்கு பாக்டீரியோசின் என்று பெயர். 1925இல் பெல்ஜியத்தின் ஆந்த்ரே கிராசியா, ஈ. கோலை பாக்டீரியாவின் ஒரு வகை இன்னொரு வகையைக் கொல்வதைப் பார்த்தார். அங்கிருந்துதான் இந்தக் கதை தொடங்குகிறது. பெரும்பாலான பாக்டீரியோசின்கள் சிறியவை, நேர்மின்னேற்றம் கொண்டவை. இந்த மின்னேற்றத்தில்தான் புற்றுநோய் ஆய்வாளர்களின் ஆசை தொங்குகிறது.

காரணம் இதுதான். பாக்டீரியாவின் வெளிப்பரப்பு எதிர்மின்னேற்றம் கொண்டது. நேர்மின்னேற்றப் பெப்டைடு அதில் போய் ஒட்டுகிறது, சவ்வில் துளையிடுகிறது. நம் நல்ல உயிரணுக்களின் வெளிச்சவ்வு ஏறத்தாழ நடுநிலையானது, ஆகவே பெப்டைடு அதைப் பெரிதாகச் சீண்டுவதில்லை. பாஸ்பாட்டிடைல்செரின் என்ற எதிர்மின்னேற்றக் கொழுப்பை நல்ல உயிரணு தன் சவ்வின் உள்ளடுக்கில் மறைத்து வைத்திருக்கும். புற்று உயிரணுவிலோ, சட்டையின் உள்துணி பிதுங்கி வெளியே தெரிவது போல, அந்தக் கொழுப்பு வெளியடுக்குக்கு வந்துவிடுகிறது. சவ்வின் மேலுள்ள சர்க்கரைப் புரதங்களும் எதிர்மின்னேற்றத்தைக் கூட்டுகின்றன. பாக்டீரியாவைத் தேடிப்போகும் பெப்டைடு புற்று உயிரணுவையும் அதே கண்ணோடு பார்க்கக் காரணம் இது. வழக்கமான கீமோ மருந்துகள் வேகமாகப் பெருகும் எல்லா உயிரணுக்களையும் அடிப்பதால்தான் முடி கொட்டுகிறது, வாந்தி வருகிறது, இரத்த அணுக்கள் குறைகின்றன. சவ்வின் மின்னேற்றத்தைப் பார்த்துத் தாக்கும் மருந்து கிடைத்தால் அந்த அவதி குறையும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு.

இந்தக் கூட்டத்தில் பெரிதும் ஆராயப்பட்டது நைசின். பாலைப் புளிக்கவைக்கும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற பாக்டீரியா செய்யும் இதில் 34 அமினோ அமிலங்கள் மட்டுமே உண்டு. 1928இலேயே இதன் செயல் கவனிக்கப்பட்டது. 1947இல் பெயர் வந்தது. 1969இல் உலக அமைப்புகளின் உணவுச் சேர்க்கை நிபுணர் குழு பாதுகாப்பானது என்று ஏற்றுக்கொண்டது. பாலாடைக் கட்டியும் டின்னில் அடைத்த உணவும் கெடாமலிருக்க உலகின் பல நாடுகளில் இதைச் சேர்க்கிறார்கள். உணவுச் சேர்க்கைப் பொருள்களின் வரிசையில் இதன் எண் 234.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துப் பல் மருத்துவப் பேராசிரியராக இருந்த இவோன் கபிலாவின் குழு, இந்த உணவுப் பாதுகாப்புப் பொருளைத் தலை, கழுத்துப் பகுதிச் செதிள் உயிரணுப் புற்றின் மீது விட்டுப் பார்த்தது. தலை, கழுத்துப் புற்று என்ற தொகுப்பில் நம் வாய்ப்புற்றும் அடங்கும். 2012இல் வந்த முதல் கட்டுரை, நைசின் புற்று உயிரணுக்களைத் தற்கொலைக்குத் தள்ளுவதையும் எலிகளில் கட்டியின் வளர்ச்சியைக் குறைப்பதையும் காட்டியது. பச்சையப்பன் காமராஜன் முதல் ஆசிரியராக எழுதி 2015இல் வெளியான கட்டுரை, நைசின் இசட்.பி. என்ற தூய வடிவம் கட்டியைக் குறைத்ததோடு எலிகளின் ஆயுளையும் நீட்டியது என்றது. 2020இல் அதே குழு இன்னொரு முக்கியமான தொடர்பைக் காட்டியது. ஈறுநோயை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் வாய்ப்புற்று உயிரணுக்களின் மூர்க்கத்தைக் கூட்டுகின்றன. நைசின் அந்தத் தூண்டுதலை அடக்குகிறது. ஒரே பெப்டைடு கிருமியையும் கட்டியையும் சேர்த்து அடக்குமானால், ஈறு கெட்டுப் பல் ஆடும் நிலையில் புற்றும் வந்து நிற்கும் நம் மூத்தவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான மருந்து இருக்க முடியாது. இந்தியாவில் சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் எலிகளின் தோல் புற்றில் நைசினை டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்தோடு சேர்த்துக் கொடுத்து, தனித்தனியே கொடுத்ததைவிடக் கூடுதல் பலன் கண்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு கணக்கைப் பார்த்தே ஆக வேண்டும். மிச்சிகன் சோதனையில் எலிக்குக் கொடுத்த உயர்ந்த அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 800 மில்லிகிராம். எலியின் அளவை மனிதருக்கு மாற்ற மருந்தியலில் வழக்கமாக ஏறத்தாழ 12ஆல் வகுப்பார்கள். அப்படிப் பார்த்தால் 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 கிராம் தூய நைசின் வேண்டும். உணவில் நைசின் இருக்கும் அளவு, ஒரு கிலோ உணவுக்கு அதிகம் போனால் 37.5 மில்லிகிராம். அதாவது ஒரு நாள் மருந்துக்கு நூறு கிலோவுக்கு மேல் பாலாடைக் கட்டி சாப்பிட வேண்டும்! தயிரும் மோரும் நல்ல உணவு. அவற்றைக் குடித்தால் கட்டி கரையும் என்று வாட்சாப்பில் வரும் செய்தியை நம்பி மருத்துவமனைத் தேதியைத் தள்ளிப்போடுவது உயிரோடு விளையாடுவது.

எலியைத் தாண்டி மனிதர் வரை போன பெப்டைடும் ஒன்று உண்டு. அதன் பின்னால் இருப்பவர் வங்காளத்தில் 1938இல் பிறந்த ஆனந்த மோகன் சக்ரவர்த்தி. எண்ணெய்க் கசிவைத் தின்னும் பாக்டீரியாவை உருவாக்கி, உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை தரலாம் என்ற தீர்ப்பை 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் பெற்றவர் அவர். சிகாகோவில் இலினாய் பல்கலைக்கழகத்தில் வேலை செய்தபோது, தீக்காயப் புண்களைச் சீழ்பிடிக்க வைக்கும் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பொல்லாத பாக்டீரியாவிடம் அசூரின் என்ற புரதத்தைக் கவனித்தார். உயிரணு கெட்டுப்போனால் அதை நிறுத்தவோ அழிக்கவோ உத்தரவிடும் காவற்புரதம் பி53. அதோடு அசூரின் சேர்ந்து அது சிதையாமல் காப்பதை 2002இல் அவருடைய குழு வெளியிட்டது. 128 அமினோ அமிலங்கள் கொண்ட அசூரினிலிருந்து வேலைக்கு வேண்டிய 28ஐ மட்டும் வெட்டியெடுத்த துண்டுக்கு பி28 என்று பெயர். இது சவ்வைத் துளைப்பதில்லை. புற்று உயிரணுவுக்குள் நல்ல உயிரணுவைவிட எளிதாக நுழைந்து பி53ஐக் காப்பாற்றுகிறது.

2013இல் அதன் முதல் கட்ட மனிதச் சோதனையின் முடிவு வெளியானது. மற்றச் சிகிச்சைகள் கைவிட்ட, நோய் பரவிய 15 பேர். மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போயும் கடுமையான பக்கவிளைவு எதுவும் தென்படவில்லை. ஏழு பேருக்கு நோய் சில காலம் வளராமல் நின்றது, மூவருக்குக் கட்டி சுருங்கியது, ஒருவருக்கு முற்றிலும் மறைந்தது. பிறகு மூளைக்கட்டி உள்ள 18 குழந்தைகளுக்கும் கொடுத்துப் பார்த்து, அவர்கள் உடல் தாங்குகிறது என்று 2016இல் எழுதினார்கள். முதல் கட்டச் சோதனை பாதுகாப்பைப் பார்க்கத்தான். பலனை நிறுவ நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்ட அடுத்த கட்டங்கள் வேண்டும். சக்ரவர்த்தி 2020 சூலையில் காலமானார். பி28 மருந்துக் கடைக்கு வந்து சேரவில்லை. பதினைந்து பேரில் நால்வருக்கு இப்படிப் பலன் தந்த ஒன்று இத்தனை ஆண்டு தேங்கி நிற்பது வருந்தத்தக்கது. பெரிய சோதனைக்குப் பெரும்பணம் வேண்டும் என்பதையும் இத்தகைய தேக்கத்தின் பின்னால் பார்க்க வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். செர்டாங்கில் உள்ள மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஃபூ ஹூய் லிங்கின் குழு, மலேசியப் புளித்த உணவுகளிலிருந்து லாக்டோபசில்லஸ் பிளாண்டாரம் என்ற பாக்டீரியாவின் பல வகைகளைப் பிரித்தெடுத்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து வருகிறது. கோழி, பன்றித் தீவனத்தில் ஆன்டிபயாடிக் சேர்ப்பதற்கு மாற்றாக இந்த பாக்டீரியாக்களின் கழிவுச் சாற்றைப் பயன்படுத்த முடியுமா என்பது அந்த ஆய்வின் ஒரு பெரிய பகுதி. அங்கிருந்து புற்றுநோய்ப் பக்கமும் கிளை விட்டது. ஆறு வகைகளின் சாற்றை மார்பகம், பெருங்குடல், கருப்பைவாய், கல்லீரல், இரத்தப் புற்று உயிரணுக்கள் மீது விட்டுப் பார்த்து 2019இல் வெளியிட்டார்கள். எந்த வகைச் சாறு, எந்தப் புற்று என்பதைப் பொறுத்துப் பலன் மாறியது. புற்று உயிரணுக்கள் மடிந்தன, நல்ல உயிரணுக்கள் தப்பின. யு.எல்.4 என்ற வகை முன்னணியில் நின்றது. அந்த வகையிடம் இரண்டு பாக்டீரியோசின்களுக்கான மரபணுக்கள் இருப்பதையும் அதே குழு முன்னரே காட்டியிருக்கிறது.

பசார் மாலாமில் வாழையிலையில் மடித்து விற்கும் தப்பாயும், டுரியானைப் புளிக்கவைத்த தெம்போயாக்கும், மலாக்காக் கரையோரத்தில் சின்ன இறாலை உப்பும் சோறும் போட்டு ஊறவைக்கும் சின்சாலோக்கும் இப்படிப்பட்ட பாக்டீரியாக்களின் உறைவிடங்கள். கிளேபாங் பிள்ளைகளில் அறிவியல் படிப்பவர்களுக்கு இது ஒரு நேரடி அழைப்பு. சின்சாலோக் ஜாடியில் உப்பைத் தாங்கி வாழும் பாக்டீரியா என்ன பெப்டைடு செய்கிறது என்று பார்க்க வெளிநாட்டுக்கு ஓட வேண்டியதில்லை. ஆனாலும் செர்டாங் ஆய்வு தட்டில் வளர்த்த உயிரணுக்களில் நடந்தது. அந்தச் சாற்றில் பெப்டைடோடு அமிலங்களும் பிறவும் கலந்திருக்கின்றன. தட்டில் புற்று உயிரணுவைக் கொல்லும் பொருள்கள் ஆயிரமாயிரம். நோயாளியிடம் பலன் தந்தவை விரல்விட்டு எண்ணத்தக்கவை.

அப்படிப் பலன் தந்த ஒன்றுக்கு மலாயாவோடு வேறொரு உறவு உண்டு. வெப்பநாடுகளின் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஊதா நிற பாக்டீரியா குரோமோபாக்டீரியம் வயோலேசியம். அது மனிதரைத் தாக்கிய முதல் நிகழ்வு 1927இல் மலாயாவிலிருந்துதான் பதிவானது. அரிதாக வரும்; வந்தால் பெரும்பாலும் உயிரைக் குடிக்கும். அதே இனத்து பாக்டீரியா ஒன்றை ஜப்பானிய மண்ணிலிருந்து எடுத்து, அதனிடம் கிடைத்த வளையப் பெப்டைடைப் பற்றி 1994இல் ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ரோமிடெப்சின் என்ற பெயரில், தோலைத் தாக்கும் ஒரு நிணநீர்ப் புற்றுக்கு 2009இல் அமெரிக்கா அதை மருந்தாக ஏற்றது. புற்று உயிரணுவில் அடைபட்டுக் கிடக்கும் மரபணுக்களைத் திறந்துவிடுவது அதன் வேலை. மலாயாவில் ஆளைக் கொன்ற இனத்துக்கு இப்படியும் ஒரு முகம்!

இத்தனை ஆற்றல் இருந்தும் பாக்டீரியோசின் எதுவும் இன்னும் புற்றுநோய் மருந்தாகாததற்குத் தடைகள் வெளிப்படையானவை. பெப்டைடை வாய்வழியே கொடுத்தால் வயிறும் குடலும் அதை உணவாகவே செரித்துவிடும். ஊசியில் கொடுத்தால் இரத்தத்தின் நொதிகள் விரைவில் நறுக்கிவிடும். அளவு கூடினால் சிவப்பணுக்களின் சவ்வையும் உடைக்கக்கூடும். திரும்பத் திரும்பக் கொடுத்தால் உடல் அதை அந்நியப் பொருளாகக் கண்டு எதிர்க்கலாம். தூய்மையாகப் பெருமளவில் தயாரிக்கச் செலவு அதிகம். வேதியியலார் இதற்கு வழிகள் தேடுகிறார்கள்: அமினோ அமிலத்தின் கண்ணாடிப் பிம்ப வடிவத்தைச் சேர்ப்பது, சங்கிலியை வளையமாக மூடுவது, நுண்துகளுக்குள் பொதிந்து அனுப்புவது.

இந்தத் தடைகளை வாய்ப்புற்றின் பக்கம் வைத்துப் பார்த்தால் அவற்றில் பாதி கரைந்துவிடுகிறது. வாய் திறந்த இடம். கட்டி கண்ணுக்குத் தெரியும், விரலுக்கு எட்டும். பெப்டைடைக் குடல் வழியாகவோ இரத்தம் வழியாகவோ அனுப்பாமல் களிம்பாகவோ ஒட்டுப்பட்டையாகவோ புண்ணின் மேலேயே வைக்க முடியும். புற்றாக மாறுமுன் தோன்றும் வெள்ளைத் திட்டுக்கு அப்படி ஒரு மருந்து கிடைத்தால் பல கன்னங்கள் கத்திக்குத் தப்பும். பாக்டீரியோசின்களை முதலில் சோதிக்க வேண்டிய இடம் வாய்தான். அந்தச் சோதனை நடக்க வேண்டிய நாடுகள் நோய் மிகுந்த இந்தியாவும் இலங்கையும் மலேசியாவும்தான். 1970களில் பெரிய வசதி எதுவும் இல்லாத அடையாறு, ஜப்பானின் பெப்டைடைத் தன் நோயாளிகளிடம் முறையாக ஒப்பிட்டுப் பார்த்து உலகுக்கு எழுதியது. அந்தத் துணிவும் ஒழுங்கும் இன்று மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்களுக்கு எட்டாதவையல்ல. நம் சமூகமும் மருத்துவச் சோதனை என்றால் ‘நம்மை எலியாக்குகிறார்கள்’ என்று மிரளாமல், விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பங்கெடுக்க வேண்டும்.

அந்த மருந்து வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று இருக்கிறது. தொடக்க நிலையில் கண்டால் வாய்ப்புற்றைச் சிறிய அறுவையிலேயே குணமாக்கிவிடலாம். முற்றிய பின் வந்தால் எந்தப் பெப்டைடும் இன்றைக்குக் கைகொடுக்காது. சுகாதார அமைச்சின் பல் மருத்துவப் பிரிவு, தோட்டப்புறம் உள்ளிட்ட ஆபத்து மிகுந்த சமூகங்களைத் தேடிப்போய் வாயைச் சோதிக்கும் திட்டத்தை நடத்துகிறது. கைப்பேசியில் வாயைப் படமெடுத்து நிபுணருக்கு அனுப்பும் மேமோசா என்ற செயலியை மலேசியப் புற்றுநோய் ஆய்வு அறநிறுவனம் உருவாக்கியிருக்கிறது.

இந்த அவையில் இருப்பவர்களிடம் ஒரே வேண்டுகோள். வீட்டில் வெற்றிலை பாக்குப் போடும் பாட்டி, அத்தை, பெரியம்மா யாராவது இருந்தால் இந்த வாரமே வெளிச்சத்தில் உட்காரவைத்து வாயைத் திறந்து பாருங்கள். கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி, கீழ் ஈறு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், கட்டி, வாயை முன்பு போல் அகலத் திறக்க முடியாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் வலி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். தொடக்கத்தில் வலிக்காது. மறுநாளே பக்கத்து அரசாங்கப் பல் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.